ஏழு நாற்பது வண்டி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலையின் தலைமை மேலாளர் அவர்களே, கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, வளைப்புப் பிரிவு, பற்றவைப்புப் பிரிவு, வரைபட அறை, கிடங்கு, உணவுக்கூடம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் தோழர்களே, தோழியரே, கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பேருந்து நடத்துநர் ஐயா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் பேசும்போது மறைந்தவரின் முழுப்பெயரையும் பதவியையும் முறைப்படி சொன்னார். தர ஆய்வுப் பிரிவின் முதுநிலை ஆய்வாளர், முப்பத்தொரு ஆண்டுப் பணி, இரண்டு முறை சிறந்த ஊழியர் விருது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்தவர், "இது யாரு?" என்று என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அவர் ஏழு நாற்பது. ஆலையில் ஏழு நாற்பது என்றால் அது கடிகாரத்தில் இருக்கிற நேரம் இல்லை, ஓர் ஆள். எனக்கு அண்ணன். கூடப் பிறக்காத அண்ணன் என்று சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களோடு நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், பதினொரு வருடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழமாட்டேன். மனசு கல் என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை. என் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், பற்றவைக்கும்போது போடுகிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு எதைத் தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பதினாறு நாளாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. சாப்பாடும் அப்படி, வேலையும் அப்படி, இந்த ஒலிவாங்கியும் அப்படி. காலையில் எழுந்து, குளித்து, ஏழு முப்பத்தெட்டுக்குத் தெருமுனையில் போய் நிற்கிறேன். எதற்கு நிற்கிறேன் என்று ஏழு நாற்பத்து மூன்றுக்குத்தான் ஞாபகம் வருகிறது.

தோழர்களே, நாம் இங்கே என்ன செய்கிறோம்? வண்டிகளுக்குப் புகைக்குழாய் செய்கிறோம். புகைக்குழாய் செய்கிறவன் புகையைப் பற்றிப் பேசலாமா என்று அவரை எத்தனை பேர் கேலி செய்திருக்கிறோம்? நானும் செய்திருக்கிறேன். அவர் கோபப்பட்டதில்லை. "நாம பேசாம வேற யாரும்மா பேசுறது? அந்தக் குழாய்க்குள்ள என்ன போகுதுன்னு நமக்குத்தான தெரியும்?" என்பார்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஆலை வாசலில் காவல் அறைக்குப் பக்கத்தில் இவர் ஓர் ஆய்வுப் படிவத்தோடு நின்றார். குழாய்களைச் சோதிக்கும்போது நாம் நிரப்புகிற அதே மஞ்சள் படிவம். உள்ளே வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தார், கோடு போட்டார், அடுத்ததைப் பார்த்தார். ஒன்பது மணிக்குக் கணக்கை முடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கார். இருநூற்று முப்பத்தொரு ஆள். படிவத்தில் "பொருள்" என்ற இடத்தில் "ஊழியர் கார்கள்" என்று எழுதினார். "காணப்பட்ட குறை" என்ற இடத்தில் "இருக்கைகள் காலி" என்று எழுதினார். "முடிவு" என்ற இடத்தில் "நிராகரிப்பு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, மேலாளர் மேசையில் வைத்துவிட்டார்.

மேலாளர் அவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தப் படிவத்தை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் அவர் என்னைத் தேடி வந்தார். அப்போது என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. தெருவில் போனால் நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கூட நான்தான் போகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார், அவ்வளவு சத்தம். "உங்க வீடு எங்க வீட்டுக்குப் போற வழியிலதான் இருக்கு. நாளையில இருந்து என்கூட வந்துடுங்க" என்றார். எனக்கு அவரை முன்பின் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க. ஏழு நாப்பதுக்கு உங்க தெருமுனை. ரெண்டு நிமிஷம் நிப்பேன்" என்று போய்விட்டார். மறுநாள் நான் போகவில்லை. ஜன்னலில் இருந்து பார்த்தேன். வந்தார், இயந்திரத்தை அணைத்தார், இரண்டு நிமிடம் நின்றார், போய்விட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு மனுஷன் நமக்காக எட்டு நாள் வந்து நின்றுவிட்டுப் போனால், ஒன்பதாவது நாள் செருப்பை மாட்டாமல் இருக்க முடியுமா?

அப்படித்தான் நான் முன்னிருக்கைக்கு வந்தேன். அதன் பிறகு பின்னால் இடது பக்கம் வரைபடக்காரர் வந்தார். ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால் நம் முதலுதவி அறையின் செவிலியர் அக்கா வந்தார். நாலு வீட்டில் மூன்று கார் காலையில் வெளியே வருவது நின்றது. எங்களைப் பார்த்து வளைப்புப் பிரிவில் ஒரு வண்டி, கிடங்கில் இரண்டு வண்டி. போன மாதக் கணக்கு எழுபத்து நான்கு கார். இருநூற்றுப் பன்னிரண்டு எங்கே, எழுபத்து நான்கு எங்கே? கார் நிறுத்துமிடத்தில் பாதி இப்போது நீங்கள் பந்து விளையாடுகிற மைதானம். அங்கே புள்ளி எடுத்துக் கத்துகிற ஒவ்வொருவரும் அவர் எடுத்துக் கொடுத்த இடத்தில்தான் கத்துகிறீர்கள்.

அவர் லேசான ஆள் இல்லை. பிடிவாதக்காரர். இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான். நம் மேலாளர் அவர்களின் கார் ஒருநாள் பழுதாகி, அவர்களும் எங்கள் தெருமுனைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு நாற்பத்து மூன்றுக்கு வந்தார்கள். வண்டி இல்லை. நான் காரில் இருந்து கெஞ்சினேன், "அண்ணா, அவர் மேலாளர் அண்ணா" என்று. "அவருக்காக ஒரு நிமிஷம் நின்னா, நாளைக்கு உனக்காக அஞ்சு நிமிஷம் நிக்கணும். அப்புறம் வண்டில யாரும் வரமாட்டாங்க, அவங்கவங்க காரை எடுத்துடுவாங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். மேலாளர் அவர்கள் அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டும், மறுநாள் ஏழு முப்பத்தைந்துக்கே வந்து நின்றார்கள்.

காற்றழுத்தம் பார்க்கிற அந்தச் சின்னக் கருவியை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். திங்கட்கிழமை காலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அவரைப் பார்த்ததும் பின்வாசல் வழியாக வந்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். "சார், உங்க வண்டி நொண்டுது" என்பார். காற்று குறைந்த டயரோடு ஓட்டுவது பையில் ஓட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரி, எண்ணெய் வீணாய்ப் போகும், புகை கூடும் என்று ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்வார். வீண் சுமைக்கும் எண்ணெய் எரியும் என்று, கிடங்குப் பொறுப்பாளருடைய வண்டியின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஒருநாள். உள்ளே உடைந்த தையல் இயந்திரம். இரண்டு வருடமாகச் சரிசெய்யக் கொண்டுபோகிறாராம். "இதுக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். அன்று மாலையே அது இறங்கிவிட்டது.

செயலாளர் அவர்கள் மூன்று தெரு தள்ளி இருந்து காரில் வருவார்கள். அவர்களிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். "சார், நாம செய்யற குழாய்ல அந்தச் சுத்திகரிப்புப் பெட்டி நல்லாச் சூடானாத்தான் வேலை செய்யும். உங்க வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல அது கண்ணே முழிக்காது. நம்ம சரக்கை நாமளே அவமானப்படுத்தலாமா?" அன்றிலிருந்து செயலாளர் நடந்துதான் வருகிறார்கள். வயிறும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நான் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் சொன்னார்கள்.

ஓட்டும்போது எப்படி இருப்பார்? தூரத்தில் சிவப்பு விழுந்தால் அப்போதே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு போய் நிற்கும். பக்கத்தில் ஒருவன் சீறிக்கொண்டு போய் அதே சிவப்பில் எங்களுக்கு முன்னால் நிற்பான். "சிவப்புக்கு முதல் ஆளாப் போய் நின்னா பரிசு ஏதும் தர்றாங்களாம்மா?" என்பார். அப்படி நிற்கும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற கார்களைப் பார்ப்பார். "மூணு காலி. நாலு காலி. அதோ அவர் பரவால்ல, ரெண்டு காலி." மற்றவர்கள் காரில் பாட்டுக் கேட்பார்கள், நாங்கள் இதைக் கேட்டோம். சில நாள் எரிச்சலாக வரும். இன்று யோசித்துப் பார்த்தால் எரிச்சல்கூட வரவில்லை.

இனி அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். அண்ணியிடமும் செவிலியர் அக்காவிடமும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

எங்கள் வண்டிக்கு ஒரு விதி உண்டு. வரமுடியாத நாளில் அதை அவருக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் வருடம் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகச் செய்தி அனுப்பிக்கொள்கிற ஏற்பாடுதான் இருந்தது. ஒருவர் வரவில்லை என்று போட்டால் அடுத்தவருக்கும் சோம்பல் வந்துவிடும். வரைபடக்காரர் இல்லையா, சரி, நானும் இன்றைக்கு என் காரில் போய்விட்டு வழியில் அந்த வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும். ஒரே வாரத்தில் மூன்று நாள் வண்டி கலைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் இந்த விதியைப் போட்டார். "எனக்கு மட்டும் சொல்லுங்க. மத்த ரெண்டு பேரும் வர்றாங்கன்னே நெனச்சுக்கங்க." பத்து வருடம் அந்த வண்டியைக் கட்டி இழுத்தது அந்த விதிதான்.

இன்னொரு விதியும் உண்டு. அது அவருக்கு அவரே போட்டுக்கொண்டது. ஓர் ஆளுக்காகக் காரை எடுக்கக் கூடாது. மூன்று பேரும் வராவிட்டால் அவர் பேருந்தில் போவார். பத்து வருடத்தில் அப்படி இரண்டு நாள்தான் வந்தது.

பதினாறு நாளுக்கு முன்னால் மூன்றாவது நாள் வந்தது.

வரைபடக்காரருக்குப் பல் வலி. முந்தின நாள் மாலையே சொல்லிவிட்டார். செவிலியர் அக்கா தன் தங்கையை ரயில் ஏற்றிவிடப் போக வேண்டியிருந்தது. காலை ஏழு இருபத்தைந்துக்குச் சொன்னார். நான் ஆறரைக்குச் சொன்னேன். உடம்பு சரியில்லை அண்ணா என்று. வரைபடக்காரர் நினைத்தார், மற்ற இரண்டு பேர் போவார்கள் என்று. செவிலியர் அக்கா நினைத்தார், மற்ற இரண்டு பேர் போவார்கள் என்று. நானும் அதையேதான் நினைத்தேன். அவர் சொல்லிக் கொடுத்தபடியே மூன்று பேரும் நினைத்தோம்.

அண்ணி சொன்னார்கள், காரை வெளியே எடுத்துத் துடைத்துக்கூட முடித்துவிட்டாராம். மூன்றாவது செய்தி வந்ததும் காரைத் திரும்ப உள்ளே விட்டாராம். "ஏங்க, நெஞ்செல்லாம் ஒரு மாதிரி இருக்குன்னு நேத்து சொன்னீங்க, இன்னைக்கு ஒரு நாள் கார்லயே போங்களேன்" என்றார்களாம் அண்ணி. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே தனியாப் போனா எப்படி?" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாராம்.

எட்டு மணி பதினைந்து நிமிடத்துக்கு, பேருந்தின் ஜன்னலோர இருக்கையில், நம் ஏழு நாற்பது மறைந்தார்.

தோழர்களே, இந்தப் பதினாறு நாளில் உணவுக்கூடத்தில் என்ன பேசிக்கொள்கிறோம் என்று எனக்குத் தெரியும். காரை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார், கொள்கை அவரைக் கொன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். இன்னும் சிலர், நாங்கள் மூன்று பேரும் வந்திருந்தால் என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். நானே முடிக்கிறேன். நாங்கள் வந்திருந்தால் அவருக்கு ஓரடி பின்னால் ஒரு செவிலியர் உட்கார்ந்திருப்பார். மருத்துவரிடம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். "நேரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நான் அங்க இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை மூன்றாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். செவிலியர் அக்கா நியாயத்துக்கு மேலே எடுத்துக்கொண்டிருக்கிறார். அக்கா, கேளுங்கள், உங்கள் பங்கு அவ்வளவு இல்லை.

பேருந்தில் என்ன நடந்தது? நடத்துநர் ஐயா இன்று விடுப்புப் போட்டுவிட்டு, சீருடையை மாற்றாமல் வந்திருக்கிறார். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே நின்று என்னிடம் சொன்னார். "ஆலை நிறுத்தம் வந்துச்சு, இவர் எறங்கல. தூங்குறார்னு நெனச்சுத் தோளைத் தொட்டேன். சரிஞ்சுட்டார்மா" என்றார். வண்டியை ஓரம் கட்டினார்களாம். நாற்பது பேரும் இறங்கி இடம் விட்டார்களாம். ஒருத்தர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார், ஒரு மாணவி நோட்டால் விசிறினாள், இரண்டு பேர் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். பின்னால் வேறு இரண்டு பேருந்து வந்தது. அதில் ஏறி ஒருத்தரும் போகவில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப் போகும் வரைக்கும் நாற்பது பேரும் வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

நான் அண்ணி வீட்டுக்குப் போன அன்று, உறவுக்காரர் ஒருவர், "பாவம், கடைசி நேரத்துல தனியாப் போயிட்டாரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "தனியாப் போகல பெரியப்பா. கார்ல போயிருந்தாத்தான் தனியாப் போயிருப்பாரு. நாப்பது பேரோட போனாரு" என்று சொல்லிவிட்டுச் செம்பை வைத்தாள். இவ்வளவு நாளில் யார் சொன்னதும் என் காதில் ஏறவில்லை. அது ஏறியது.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். இரங்கல் கூட்டத்தில் மறைந்தவரைப் பற்றித்தான் பேச வேண்டும், தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. தெரியும். மன்னியுங்கள்.

அன்று எனக்கு உடம்பு நன்றாக இருந்தது.

என் மகன் வேலைக்குப் போன முதல் வருடம் எனக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். நீல நிறம். "எவ்ளோ நாள்தாம்மா தெருமுனையில போய் நிப்ப? மழையில நனைஞ்சு, ரெண்டு நிமிஷத்துக்குப் பயந்து ஓடி. இனிமே உன் இஷ்டம்" என்றான். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் மூடியே வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள், எனக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பிடித்த வேகத்தில், யாரும் காலி இருக்கை எண்ணாமல் ஆலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டது தப்பா? எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னது தப்பு. அவர் கண்ணில் படாமல் இருக்கப் பெரிய சாலை வழியாகப் போனேன். அவர் எப்போதும் உள் சாலையில்தான் வருவார்.

பேருந்து பெரிய சாலையில்தான் போகும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரிய சிக்னலில் நின்றேன். என் பக்கத்தில் ஒரு பேருந்து நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்தில் யார் இருக்கப் போகிறார்கள்? பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது, நான்தான் முதலில் கிளம்பினேன்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. காரை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். அதை அப்படியே படிக்கிறேன்.

"புது வண்டி நல்லா இருக்கும்மா. நாலு காலி. டயர்ல காத்து பாத்துக்க, புதுசுல கூடவே அடிச்சிருப்பாங்க. நாளைக்கு ஏழு நாப்பது."

இவ்வளவுதான். கோபம் இல்லை. ஏன் பொய் சொன்னாய் என்று இல்லை. நான் கார் நிறுத்துமிடத்தில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பதில் போடுவது என்று யோசித்தேன். மன்னிச்சிடுங்க அண்ணா என்று அடித்தேன், அழித்தேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். காவல் அறையில் தொலைபேசி அடித்தது.

இன்று நடத்துநர் ஐயா எனக்கு இன்னொன்றும் சொன்னார். அந்தச் சிக்னலில் அண்ணன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துச் சிரித்தாராம். என்ன சார் என்று கேட்டதற்கு, "அந்த நீல வண்டி எங்க ஆளுதான். பாருங்க, சிக்னல்ல இன்ஜினை அணைச்சுட்டு நிக்குது" என்றாராம்.

நான் அணைத்தேனா என்று எனக்கு ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது. பதினொரு வருடம் முன்னிருக்கையில் உட்கார்ந்த பழக்கம்.

தோழர்களே, தோழியரே, கூட்டத்துக்கு வரும்போது வாசலில் காவலாளி அண்ணன் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். தினமும் எண்ணுகிறார். இப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை, ஆனாலும் எண்ணுகிறார். பதினாறு நாளுக்கு முன்னால் எழுபத்து நான்கு. இன்று காலை நூற்றுப் பத்தொன்பது. இந்த இரங்கல் கூட்டத்துக்கு மட்டும் வெளியே அறுபத்து மூன்று கார் நிற்கிறது. அதில் ஐம்பத்தெட்டில் ஒவ்வொரு ஆள்தான் வந்தோம். அவருக்கு மாலை போட ஐம்பத்தெட்டு பேர் தனித்தனியாக வந்திருக்கிறோம். நானும் ஒருத்தி. நீல வண்டி, மூன்றாவது வரிசை. இதைவிட அவரை யாராவது அவமதிக்க முடியுமா?

நான் உங்களைத் திட்டவில்லை. ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அவர் போன மறுநாள் காலையில், இன்று யார் வண்டி, யார் கூப்பிடுவார்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று ஒவ்வொருவரும் தயங்கினோம். தயங்கித் தயங்கி அவரவர் சாவியை எடுத்துவிட்டோம். யாராவது எட்டு நாள் நம் தெருமுனையில் வந்து நிற்க வேண்டும். அதைச் செய்கிற ஆள் இப்போது இல்லை.

மேலாளர் அவர்களிடம் பேசிவிட்டேன். இன்று இந்தக் கார்கள் இங்கேயே நிற்கலாம், காவலாளி அண்ணன் பார்த்துக்கொள்வார். வெளியே அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் மஞ்சள் படிவம் இருக்கிறது. எந்தத் தெரு என்று எழுதுங்கள். ஒரே திசையில் போகிறவர்கள் ஒரே வண்டியில் ஏறுங்கள். கூடம் காலியாகிறபோது இங்கே பாதி காராவது மிச்சம் நிற்க வேண்டும். காலையில் அதே ஆட்களோடு திரும்பி வாருங்கள். ஒரு நிமிட மௌனம் அனுசரித்தோம், நல்லது. அதைவிட இது கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.

அண்ணனின் மகள் இன்று எனக்கு ஒன்றைக் கொடுத்தாள். இதோ, அவர் சட்டைப் பையில் இருந்த காற்றழுத்தக் கருவி. கூட்டத்துக்கு முன்னால் என் டயரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், நாலிலும் காற்று அதிகம். பதினாறு நாளாக அப்படியே ஓட்டியிருக்கிறேன். இப்போது சரியாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை இதோடு நான் வாசலில் நிற்பேன். பின்வாசல் வழியாக வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வரைபடக்காரர் அங்கே நிற்பார்.

இனிமேல் வரமுடியாத நாளில் நாலு பேருக்கும் சொல்லுங்கள். அவர் போட்ட விதிகளில் அந்த ஒன்றை மட்டும் நான் மாற்றுகிறேன். சோம்பல் வந்தால் வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளை காலை அண்ணன் வழக்கமாக வரும் வழியில் நீல வண்டி வரும். வரைபடக்காரர் பின்னால் இடது. செவிலியர் அக்கா எனக்கு நேர் பின்னால், எப்போதும் போல. இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். என் பக்கத்தில் முன்னிருக்கை காலியாக இருக்கிறது. அவர் நினைவாக அதைக் காலியாகவே வைத்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அண்ணன் அதை ஒருநாள்கூடப் பொறுத்திருக்கமாட்டார்.

அதனால் யாராவது வாருங்கள். ஏழு நாற்பது, எங்கள் தெருமுனை. இரண்டு நிமிடம் நிற்பேன்.